ஏலத்தில் எடுத்த ஹார்ட் டிஸ்க்

சேலையூர்,
8 அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய பொருளாளர் தனசிங் அங்கிள் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். சபையின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டதற்கு, "எதுவானாலும் எழுத்து மூலம் கொடு, கமிட்டியில் வைக்கிறேன்" என்று பதில் போட்டீர்கள். ஒரே ஆலயத்துக்குப் போகிறோம், ஆராதனை முடிந்ததும் ஒரே கேனிலிருந்து டீ குடிக்கிறோம். இருந்தாலும் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஆராதனைப் பதிவுகளை வைக்கும் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. கொரோனா காலத்தில் நான் கேமராவைக் கையில் எடுத்ததிலிருந்து இன்றுவரை நடந்த ஞாயிறு ஆராதனை, கல்யாணம், ஞானஸ்நானம், அடக்க ஆராதனை எல்லாம் அந்த ஒன்றில்தான் இருக்கின்றன. வாரன்டியோடு புதிதாக இரண்டு வேண்டும் என்று ஆகஸ்டிலேயே மூன்று கடைகளின் கொட்டேஷன் கொடுத்தேன். மூன்றும் உங்கள் பைலில் தூங்குகின்றன.

போன ஞாயிறு அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூடுவாஞ்சேரியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெரோம் அண்ணன் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளைக் காணிக்கையாகக் கொண்டுவந்து, பூசணிக்காய்க்கும் நாட்டுக்கோழிக்கும் நடுவில் வைத்தார். அது என்ன சாமான் என்று பாதிப் பேருக்குத் தெரியாததால் யாரும் விலை கேட்கவில்லை. நீங்கள் சபைக்காக இரண்டையும் சேர்த்து மூவாயிரத்துக்கு எடுத்துவிட்டீர்கள். பூசணிக்காய் நாலாயிரத்துக்குப் போனது. சபைக்கு வந்த பொருளைச் சபைப் பணத்திலேயே ஏலம் எடுத்த கணக்கு எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்த அளவுள்ள புது ஹார்ட் டிஸ்க் கடையில் ஒன்றே பத்தாயிரம் சொல்கிறார்கள். இவ்வளவு மலிவாகக் கிடைத்தால் சந்தோஷப்படும் முன் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். பெட்டி இல்லை, பில் இல்லை, வாரன்டி இல்லை. நான் ஓட்டிச் சோதித்துப் பார்க்கும்வரை அவற்றில் எதையும் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எப்சி
மீடியா குழு


மேற்கு தாம்பரம்,
12 அக்டோபர் 2024

கிறிஸ்துவுக்குள் அன்பான எப்சிக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். உன் கடிதத்தை வாசித்து மனம் வருந்தினேன் என்று எழுதுவதுதான் வழக்கம். நான் வருந்தவில்லை, கோபப்பட்டேன்.

அது சபைப் பணம் அல்ல. என் பென்ஷன் பணம். ஏலத்தில் எடுத்து நானே சபைக்குக் கொடுத்தேன். விசாரிக்காமல் எழுதியிருக்கிறாய்.

அடுத்தது, அது காணிக்கைப் பொருள். ஒருவன் பயபக்தியோடு பீடத்துக்கு முன் கொண்டுவந்து வைத்ததைச் "சோதித்துப் பார்க்கிறேன்" என்று சொல்ல உனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது? கோழி கொண்டுவந்தவர்களிடம் அதற்குச் சீக்கு இருக்கிறதா என்று கேட்கிறோமா? முட்டையை உடைத்தா பார்க்கிறோம்? நான் இந்த ஆலயத்துக்கு வந்த நாளிலிருந்து ஒருவரும் காணிக்கையை முகர்ந்து பார்த்ததில்லை.

நான் ரயில்வே கணக்குப் பிரிவில் தலை நரைத்தவன். மலிவாகக் கிடைப்பதை விட்டுவிட்டு விலை கூடியதைத்தான் வாங்க வேண்டும் என்று ஒருவர் ஒற்றைக் காலில் நின்றால், அதற்குப் பின்னால் கமிஷன் இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன்னைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

கமிட்டி முடிவு செய்திருப்பது: பழையதில் உள்ள எல்லாவற்றையும் இந்த இரண்டிலும் ஏற்றிவிடு. ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். பழையதைக் காலி செய்து, வண்டி நிறுத்துமிடக் கேமராவுக்குக் கொடு. பெட்ரோல் திருட்டு ஜாஸ்தியாகிவிட்டது, அதற்கும் ஒன்று தேவைப்படுகிறது.

இன்னொரு காரியம். நவம்பர் பத்தாம் தேதி பெண்கள் ஐக்கிய சங்கப் பண்டிகையில் என் மனைவி, உங்கள் ரத்தினபாய் ஆன்ட்டி, ஆண்டவர் செய்த நன்மைகளைச் சாட்சியாகச் சொல்கிறாள். தொண்டைக் கட்டிக்கு டிசம்பரில் ஆபரேஷன். அதற்கப்புறம் பேச்சு எப்படி இருக்குமோ, டாக்டர் இழுக்கிறார். நான் அந்த நேரம் வழக்கம்போல உள் அறையில் காணிக்கை எண்ணிக்கொண்டிருப்பேன். நீ தெளிவாக எடுத்து வை. நான் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

தனசிங்
பொருளாளர்


சேலையூர்,
18 நவம்பர் 2024

பொருளாளர் அவர்களுக்கு,

பென்ஷன் பணம் என்று எனக்குத் தெரியாது. அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். மற்ற எதையும் திரும்பப் பெறவில்லை.

கமிஷன் என்று பொதுவாக எழுதினீர்கள். நானும் பொதுவாகவே பதில் சொல்கிறேன். வாரம் முழுக்கப் பெருங்குடி ஆபீசில் மானிட்டரைப் பார்த்து எரிகிற கண்ணோடு, ஞாயிற்றுக்கிழமையும் விடிவதற்கு முன் எழுந்து வந்து கேபிள் இழுப்பவர்களுக்குக் கமிஷன் வருவதில்லை. பொதுவாக, பண்டிகை பிரியாணிப் பொட்டலம்கூட அவர்களிடம் வருவதற்குள் தீர்ந்துபோகிறது.

ஹார்ட் டிஸ்க்குகளைச் சோதித்தேன். ஆமாம், நீங்கள் வேண்டாம் என்ற பிறகும்தான். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு மணி நேரம்கூட ஓடாத புதுசு என்று காட்டுகின்றன. உள்ளே இறங்கிப் பார்த்தால் இரண்டும் நாலு வருடத்துக்கு மேல் இரவு பகலாக ஓடியவை. ஓடித் தேய்ந்த பைக்கின் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி விற்பது மாதிரி யாரோ செய்திருக்கிறார்கள். ஓடியிருக்கும் விதத்தைப் பார்த்தால் எங்கேயோ ஒரு கண்காணிப்புக் கேமராவில் உழைத்துக் களைத்தவை.

அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே தேதியில் தயாரானவை, ஒரே பெட்டிக்குள் ஒரே சூட்டில் வெந்தவை. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்கிறீர்கள். ஒன்று போனால் இன்னொன்றும் பின்னாலேயே போகும்.

நீங்கள் என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று யோசித்தீர்களா? கேமராவில் தேய்ந்ததைக் கொண்டுவந்து அதில் சபையின் கல்யாணத்தையும் கருமாதியையும் ஏற்றிவிட்டு, நன்றாக இருக்கிற ஒன்றைப் பெட்ரோல் திருடனைப் பார்க்க அனுப்பச் சொல்கிறீர்கள்.

ஜெரோம் அண்ணன் தெரிந்தே கொடுத்தார் என்று நான் சொல்லவில்லை. தெரியாமல் கொடுத்தார் என்று சத்தியம் பண்ணவும் மாட்டேன்.

ரத்தினபாய் ஆன்ட்டியின் சாட்சியை எடுத்துவிட்டேன். "நேரலை வேணாம் எப்சி, ஊரெல்லாம் பார்க்க வேணாம்" என்று ஆன்ட்டி கேட்டுக்கொண்டதால் நேரலையை நிறுத்திவிட்டுப் பதிவு மட்டும் செய்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அடித்துப் பிடித்து இடம் பண்ணி வைத்திருக்கிறேன். அதையாவது ஒருநாள் வந்து பாருங்கள்.

எப்சி


மேற்கு தாம்பரம்,
24 நவம்பர் 2024

எப்சிக்கு,

உன் கடிதத்தை ஜெரோமிடம் காட்டினேன். என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அழுதான். "இன்னா அண்ணா, காணிக்கைக்குக் குடுத்த பொருளுக்குப் போய் வாரன்டி கேக்குறாங்க. நான் இன்னா திருடனா?" என்றான். பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு கம்பெனியை மூடும்போது மொத்தமாக எடுத்த சரக்காம். புதுசு என்று சொல்லித்தான் அவனுக்கும் கொடுத்தார்களாம். அடுத்த வாரத்திலிருந்து வேறு சபைக்குப் போவதாகச் சொல்லிவிட்டான். ஒரு குடும்பத்தையே ஆலயத்தைவிட்டு விரட்டிய பெருமை உன்னைச் சேரும்.

சாட்சியை வந்து பார்க்கச் சொல்கிறாய். அவளை ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் கூட்டிக்கொண்டு அலைகிற எனக்கு உன் ஸ்கிரீன் முன்னால் வந்து உட்கார நேரமில்லை. இருக்கிறதல்லவா? அது போதும்.

சொன்னதைக் கேட்காமல் சோதித்ததற்காகக் கமிட்டி உன்னை மீடியா குழுவிலிருந்து நீக்கியிருக்கிறது. அறைச் சாவியையும் பாஸ்வேர்டுகளையும் உனக்கு ஒத்தாசையாக நிற்கும் ஆல்வினிடம் ஒப்படை. ஏற்றுகிற வேலையை அவன் பார்த்துக்கொள்வான். மேலும், சபையின் பதிவு எதையும் உன் சொந்த லேப்டாப்பிலோ மொபைலிலோ வைத்திருக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நாளை நீ எதை எங்கே போடுவாய் என்று யாருக்குத் தெரியும்.

தனசிங்
பொருளாளர்


சேலையூர்,
1 டிசம்பர் 2024

பொருளாளர் அவர்களுக்கு,

சாவி இந்தக் கவரில் இருக்கிறது. பாஸ்வேர்டுகளை ஆல்வினுக்குச் சொல்லிவிட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா, எனக்கு இது ஒண்ணும் புரியலையே" என்றான். நல்ல ஆளாகத்தான் பிடித்திருக்கிறீர்கள், எதிர்த்துப் பேச மாட்டான்.

நீங்கள் கேட்ட உறுதிமொழி: சபையின் பதிவு எதுவும் என்னிடம் இல்லை. என் லேப்டாப்பில் இருந்தவற்றையும் நேற்று அழித்துவிட்டேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். திருடியை வீட்டுக்கு அனுப்பும்போது பையைச் சோதிக்கிற மாதிரி இருந்தது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காதீர்கள். கேமராவுக்கு வேண்டுமானால் அந்த ஏலச் சரக்கைப் போடுங்கள். உங்களுக்கு என்னைப் பிடிக்காது, எனக்கும் இப்போது உங்களைப் பிடிக்கவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு இந்த ஒன்றைத் தள்ளிவிடாதீர்கள்.

எப்சி


மேற்கு தாம்பரம்,
11 ஜனவரி 2026

எப்சிக்கு,

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன் நம்பரை நான் அழித்துவிட்டேன், நீ என் நம்பரை பிளாக் செய்திருப்பாய். அதனால் எழுதுகிறேன்.

ஆன்ட்டி தவறிப்போய், வருகிற பிப்ரவரியோடு ஒரு வருடம் ஆகிறது. முதலாம் ஆண்டு நினைவு ஆராதனையில் அவள் சாட்சியைப் போட வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள், பிறகு அதுவும் இல்லை. அப்போது பார்க்க நேரமில்லை. அவள் போன பிறகு பார்க்கத் தைரியமில்லை. எப்படியும் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் ஆல்வினிடம் கேட்டால் தரையைப் பார்க்கிறான். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று ஜூன் மாதமே நின்றுவிட்டதாம். கமிட்டியில் சொன்னானாம். இன்னொன்று இருக்கிறதல்லவா, அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்று நான் சொன்னேனாம். சொல்லியிருப்பேன். இன்னொன்று செப்டம்பரில் நின்றது. பழையதை என் உத்தரவுப்படி அழித்துக் கேமராவில் போட்டுவிட்டான். அது இப்போது எத்தனையோ தடவை தன்மேல் தானே எழுதிக்கொண்டுவிட்டது, ஒன்றும் மிஞ்சாது என்கிறான்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு, அழிந்ததை மீட்டுத் தருகிற ஒரு கடைக்குப் போனேன். நீ அன்று கேட்ட புதிய இரண்டின் விலைக்கு மேலேயே ஆகும் என்றார்கள். பேரம் பேசாமல் கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டு, "தட்டுல ஃபுல்லா கோடு விழுந்துகீது சார். ஒண்ணும் வராது" என்றான் அந்தப் பையன்.

நீ இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தவள். தெரிந்தவள் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்காமல் இருக்க மாட்டாய். எழுதிக் கொடுத்ததெல்லாம் சும்மா என்று எனக்குத் தெரியும். அது சபையின் சொத்து. உடனே கொண்டுவந்து கொடு.

தனசிங்


சேலையூர்,
14 ஜனவரி 2026

தனசிங் ஐயா அவர்களுக்கு,

என்னைப் பொய் சொல்பவள் என்று நினைத்துக் கையெழுத்து வாங்கினீர்கள். இப்போது பொய் சொல்லியிருக்க வேண்டுமே என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறீர்கள். உங்கள் துரதிர்ஷ்டம், நான் பொய் சொல்லவில்லை.

என் லேப்டாப்பில் பதிவுகள் இருந்தன. ஆன்ட்டியின் சாட்சியும் அதில் இருந்தது. எல்லாவற்றையும் அழித்துக்கொண்டே வந்து அதற்கு முன்னால் மட்டும் கை நின்றது. இது ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். பிறகு உங்கள் கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தேன். "நாளை நீ எதை எங்கே போடுவாய்" என்ற வரி வந்ததும் அழித்துவிட்டேன். குப்பையிலிருந்தும் அழித்தேன். எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஆன்ட்டியின் அடக்க ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் நின்றேன். என்னைத் தாண்டிப் போகும்போது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அன்றைக்காவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் அப்போது உயிரோடுதான் இருந்திருக்கின்றன. நானே வந்து வேறொன்றில் ஏற்றிக் கொடுத்திருப்பேன்.

என்னிடம் எதுவும் இல்லை. இனி எனக்கு எழுத வேண்டாம்.

எப்சி


மேற்கு தாம்பரம்,
18 ஜனவரி 2026

எப்சிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

அன்று வந்திருந்த பெண்கள் எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். ஜாய்சனின் அம்மா, "ரொம்ப நல்லா பேசினாங்க அண்ணா, எல்லாரும் அழுதோம்" என்கிறாள். என்னம்மா பேசினாள் என்று கேட்டால், "அதான் அண்ணா, ஆண்டவர் செஞ்ச நன்மைங்க" என்கிறாள். இன்னொருத்தி, "கடைசியில உங்களுக்குன்னு ஏதோ சொன்னாங்க. எல்லாருக்கும் சிரிப்பு, அப்புறம் அழுகை. வார்த்தை ஞாபகம் இல்லையே அண்ணா" என்கிறாள். எனக்கென்று ஏதோ சொல்லியிருக்கிறாள். நான் பத்து அடி தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீ காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றவள். உனக்குத்தான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கும். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நீயும் சோதித்ததோடு நிறுத்தாமல் ஒருவனைத் திருடன் ஆக்கினாய், அது எனக்கு ஆறவில்லை. ஆனால் அழித்தது நீயும்தான். அவள் என்ன சொன்னாள் என்று எழுதி அனுப்பக் கடமைப்பட்டிருக்கிறாய். சுருக்காமல் எழுது. அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் விட்டுவிடாதே.

தனசிங்


சேலையூர்,
25 ஜனவரி 2026

அங்கிளுக்கு,

இதை உங்களுக்காக எழுதவில்லை. ஆன்ட்டி பேசியது யாரிடமாவது இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். முழுக்க ஞாபகத்திலிருந்துதான், ஒரு வார்த்தை அப்படி இப்படி இருக்கலாம்.

ஊதாக் கரைபோட்ட வெள்ளைப் புடவை கட்டியிருந்தார்கள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். குரல் கரகரவென்று இருந்தது.

"எனக்குப் பேச வராது. பாட்டுன்னா பாடிடுவேன், இப்ப அதுவும் முடியல. கல்யாணமாகித் தாம்பரம் வந்தப்ப எனக்கு இங்க ஒருத்தரையும் தெரியாது. ஆராதனை முடிஞ்சா எல்லாரும் ஜோடி ஜோடியாக் கிளம்பிடுவாங்க. நான் மட்டும் கேட் பக்கத்துல நிப்பேன், அவங்க காணிக்கை எண்ணி முடிச்சு வரணும். முதல்ல கோபமா வரும். அப்புறம் நின்ன இடத்துலயே எல்லாரோடயும் பேசிப் பழகினேன். நீங்க இத்தனை பேரும் எனக்குக் கிடைச்சது அவங்க அவ்வளவு மெதுவா எண்ணுறதாலதான். அதுக்கும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

எல்லாரும் சிரித்தோம். நான்கூடச் சிரித்தேன். பிறகு உங்கள் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்பவும் உள்ளதான் இருக்காங்க. நான் பேசுறது கேக்காது. பரவாயில்ல, எப்சி எடுத்துக்கிட்டு இருக்கா. ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்குப் பேச்சு வராமப் போனாலும் இதைப் போட்டுப் பார்ப்பாங்க. அதனால அவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன்."

அந்த நேரத்தில்தான் ஆல்வின் வந்து என் தோளைத் தட்டினான். "அக்கா, லைவ் ஏன் நின்னுபோச்சு, வெளிநாட்டுல இருந்து கேக்குறாங்க" என்றான். ஹெட்போனைக் கழற்றி அவனுக்குப் பதில் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் முன் வரிசையில் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், ஆன்ட்டி மைக்கைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள்.

என்ன சொன்னார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் ஆரம்பத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தேன், சத்தம் தெளிவாக இருந்தது, மூடிவைத்துவிட்டேன். முழுசாகத்தான் பதிவாகியிருக்கிறதே, அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நானும்தான் நினைத்தேன்.

எப்சி